மோட்டார் காரும் மழை நீரும்: ஈரத்தோடு நடந்த நூறாண்டுப் போராட்டம்

வெள்ளம் வடிந்துவிட்டது. தெருவில் நிற்கும் காரின் கதவுகளில் சேற்றுக் கோடு தெரிகிறது. உள்ளே எட்டிப் பார்த்தால் இருக்கைகள் நனைந்திருக்கின்றன. இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தது. வெளிப்பார்வைக்குக் கார் காய்ந்துவிட்டது. சாவி உங்கள் கையில் இருக்கிறது. திருப்பலாமா, கூடாதா?

உங்கள் தாத்தாவிடம் கேட்டால், "ஈரத்தைத் துடைத்துவிட்டு ஸ்டார்ட் செய், ஓடும்" என்பார். இன்று விவரம் அறிந்த மெக்கானிக்கிடம் கேட்டால், "சாவியைத் தொடாதீர்கள்; முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள்" என்பார். இருவர் சொல்வதும் உண்மையே. அவரவர் காலத்துக் காருக்கு அவரவர் விடை பொருந்தும். அப்படியானால் இடையில் என்ன மாறிற்று? நீரின் இயல்பு மாறவில்லை. மின்சாரத்தின் விதிகளும் மாறவில்லை. காருக்குள் மின்சாரம் குடிபுகுந்த விதம்தான் மாறியது. அந்த வரலாற்றை அறிந்துகொண்டால், சாவியைத் திருப்பலாமா என்ற கேள்விக்கு நீங்களே விடை கண்டுவிடலாம்.

நீர் மின்சாரத்தைக் கடத்துமா?

முதலில் ஓர் அடிப்படையைத் தெளிவாக்கிக்கொள்வோம். மிகத் தூய நீர் மின்சாரத்தை ஏறத்தாழக் கடத்துவதே இல்லை. அதன் தன்மின்தடை சுமார் 1,80,000 ஓம்-மீட்டர். கடல் நீருக்கோ இது ஏறத்தாழ 0.2 ஓம்-மீட்டர்தான். அதாவது, கடல் நீர் தூய நீரைப்போலச் சுமார் ஒன்பது லட்சம் மடங்கு எளிதாக மின்சாரத்தைக் கடத்துகிறது. நீரில் கரைந்துள்ள உப்புகளின் அயனிகளே இந்த வேறுபாட்டிற்குக் காரணம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காரின் ஃபியூஸ் பெட்டியில் இரண்டு உலோக முனைகள் 5 மி.மீ. இடைவெளியில் இருக்கின்றன, ஒவ்வொன்றின் முகப்பரப்பும் 1 சதுர செ.மீ. என்று கொள்வோம். இவற்றுக்கிடையே 12 வோல்ட் இருக்கிறது. தூய நீர் நிரம்பினால் கசியும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கை ஒட்டியதே. கடல் நீர் நிரம்பினால் 1 ஆம்பியருக்கு மேல் பாயலாம். தெருவில் ஓடும் வெள்ள நீர் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. அதன் தன்மின்தடையைச் சுமார் 20 ஓம்-மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 12 மில்லி ஆம்பியர் கசியும். "இவ்வளவுதானா!" என்று தோன்றுகிறதல்லவா? இந்த அற்ப மின்னோட்டம் என்ன செய்யும் என்பதைப் பின்னால் காண்போம்.

மாக்னெட்டோ காலம்: துடைத்தால் போதும்

தொடக்ககாலக் கார்கள் பலவற்றில் மின்சாரத்திற்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையைப் பொறி கொடுத்துப் பற்ற வைக்க வேண்டும். 1897இல் ஜெர்மனியின் ராபர்ட் பாஷ் தம் பட்டறையில் உருவாக்கிய மாக்னெட்டோவை ஒரு மூன்று சக்கர மோட்டார் வண்டியில் பொருத்திக் காட்டினார். 1902இல் அவருடைய நிறுவனத்தைச் சேர்ந்த காட்லோப் ஹோனால்ட் என்ற பொறியாளர், உயர் மின்னழுத்த மாக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கினார். மாக்னெட்டோ என்பது நிலைக் காந்தத்தைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் சிறிய இயந்திரம். எஞ்சின் சுற்றினால் மின்சாரம் உண்டு. எஞ்சின் நின்றால் மின்சாரமும் இல்லை. இந்த ஒரு பண்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1908இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரிலும் எஞ்சினின் சுழற்சக்கரத்திலேயே மாக்னெட்டோ அமைந்திருந்தது. அதனுடன் நான்கு தூண்டு சுருள்கள் ஒரு மரப்பெட்டியில் வைக்கப்பட்டிருந்தன. மழைக்காலத்தில் மரம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அப்போது பல்லாயிரம் வோல்ட் அழுத்தமுள்ள மின்சாரம் பிளக்குக்குச் செல்லாமல் ஈர மரத்தின் வழியாகவே கசிந்துவிடும், எஞ்சின் தடுமாறும். பரிகாரம் எளிது. பெட்டியை உலர்த்தினால் கார் மீண்டும் ஓடும்.

இங்கே நிகழ்ந்தது வெறும் கசிவு. நீர் மின்சாரத்திற்கு ஒரு குறுக்கு வழியைத் திறந்தது. நீர் போனதும் அந்த வழி மூடிக்கொண்டது. எஞ்சின் நின்றவுடன் மின்சாரமும் நின்றுவிட்டதால், நனைந்த பகுதிகளில் வேறு சேதம் விளையவில்லை. மழையில் நின்றுபோன ஸ்கூட்டரின் பிளக்கைக் கழற்றித் துடைத்து மறுபடி உதைத்து ஓட்டியவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர்! அந்த வழக்கம் மாக்னெட்டோ காலத்தின் சொத்து. தாத்தாவின் அறிவுரைக்கும் வேர் இதுவே.

பேட்டரி வந்தது; ஆபத்தும் வந்தது

எஞ்சினைக் கையால் சுழற்றிக் கிளப்புவது கடினமான வேலை. கைப்பிடி திடீரென எதிர்த்திசையில் உதைத்து மணிக்கட்டை முறிப்பதும் உண்டு. அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங், 1912ஆம் ஆண்டு மாடல் காடிலாக் காருக்கு மின் ஸ்டார்ட்டரை அமைத்துக் கொடுத்தார். ஸ்டார்ட்டர், விளக்குகள், பொறி ஆகிய மூன்றிற்கும் ஒரே அமைப்பு மின்சாரம் அளித்தது. அதன் நடுவே ஒரு பேட்டரி இருந்தது. சில ஆண்டுகளில் உலகெங்கும் கார்கள் இந்த வழியைப் பின்பற்றின.

பெரிய வசதிதான். ஆனால் அன்று முதல் காரின் கம்பிகளில் ஒரு பகுதி எந்நேரமும் உயிரோடு இருக்கத் தொடங்கியது. எஞ்சின் நின்றாலும், நீங்கள் உறங்கினாலும், பேட்டரியின் மின்னழுத்தம் ஃபியூஸ் பெட்டி வரை வந்து காத்திருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் நீர் புகுந்தால் நடப்பது கசிவு மட்டுமன்று, மின்பகுப்பும் நடக்கிறது.

பள்ளியில் படித்த பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நீரைப் பகுக்கக் கொள்கையளவில் 1.23 வோல்ட் போதும். காரில் இருப்பதோ 12 வோல்ட். நேர்மின் முனையில் உள்ள செம்பு, அயனியாகி நீரில் கரைகிறது. எதிர்மின் முனையில் ஹைட்ரஜன் குமிழிகள் எழுகின்றன. நாம் முன்பு கண்ட 12 மில்லி ஆம்பியர் முழுவதும் செம்பைக் கரைக்கவே பயன்பட்டால் என்ன ஆகும்? ஃபாரடே விதிப்படி கணக்கிட்டால், 24 மணி நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு கிராம் செம்பு கரைந்துவிடும். நடைமுறையில் இவ்வளவு கரையாது. முனையில் படியும் உப்புகள் வேகத்தைத் தணிக்கும். ஆயினும் மெல்லிய இணைப்பு முனை ஒன்று இரண்டு மூன்று நாள்களில் உருக்குலைய இது போதும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கண்ணாடிக் குவளை நீரில் சிட்டிகை உப்பைக் கரையுங்கள். தோல் சீவிய இரண்டு செம்புக் கம்பிகளை ஒன்றையொன்று தொடாமல் அதில் இறக்கி, 9 வோல்ட் பேட்டரியோடு இணையுங்கள். காற்றோட்டமான இடத்தில் சில நிமிடங்கள் காத்திருந்தால் போதும். ஒரு கம்பியிலிருந்து குமிழிகள் எழும். மற்றது அரிக்கப்பட்டு, நீர் கலங்கி நிறம் மாறும். மூன்றாவதாக ஒரு கம்பியை எதனோடும் இணைக்காமல் அதே குவளையில் போட்டு வையுங்கள். அது ஏறக்குறைய அப்படியே இருக்கும். மூன்று கம்பிகளும் நனைந்தன. மின்னழுத்தத்தின் நேர்முனையில் இருந்ததே அழிந்தது. வெள்ளத்தில் மூழ்கிய காரில் பேட்டரியை முதலில் கழற்றச் சொல்வது ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

ஈரம் போனாலும் தடம் போகாது

1907இல் லியோ பேக்லண்ட் உருவாக்கிய பேக்லைட் என்ற செயற்கைப் பிசின், மரத்தின் இடத்தைப் பிடித்தது. அது ஈரத்தை எளிதில் உறிஞ்சாது, மின்காப்பும் மிகுதி. ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைப்படி பொறியைப் பகிர்ந்தளிக்கும் 'டிஸ்ட்ரிபியூட்டர்' மூடிகள் பேக்லைட்டால் செய்யப்பட்டன. ஆனால் அதிலும் ஒரு குறை இருந்தது. மூடியின் பரப்பில் தூசியும் ஈரமும் சேர்ந்து மெல்லிய படலம் உண்டானால், உயர் மின்னழுத்தம் அதன் வழியே கசியும். கசிவு சூட்டைத் தரும். சூடு பிசினைக் கருக்கும். கருகிய பிசின் கரியாகும். கரியோ மின்கடத்தி! ஆகவே ஈரம் முற்றும் உலர்ந்த பிறகும் அந்தக் கரித்தடம் மின்சாரத்திற்கு நிரந்தரப் பாதையாகிவிடும். உலர்த்தினால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கைக்கு விழுந்த முதல் அடி இது எனலாம்.

1959இல் பிரிட்டனில் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த 'மினி' கார் வெளிவந்தது. இடத்தை மிச்சப்படுத்த எஞ்சினைக் குறுக்கே வைத்த அந்தக் கார் பொறியியல் வரலாற்றில் ஒரு திருப்பம். ஆனால் அதன் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கக் கம்பித் தட்டிக்கு நேர் பின்னால் அமைந்துவிட்டது. கனமழையில் ஓட்டினால் நீர் நேராக அதன்மேல் அடிக்கும், கார் நின்றுவிடும். முதல் மினிகளில் தரைத் தகடுகள் இணைந்த விதத்தால் உள்ளேயும் நீர் புகுந்தது. மின்பகுதிகளை மறைக்க ஓர் உறையும், தகடுகளின் இணைப்பில் ஒரு திருத்தமும் பிறகு வந்தன. கருவி எவ்வளவு நல்லது என்பதோடு, அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம் என்ற பாடம் அதில் இருந்தது.

போர்க்களம் கற்பித்த பாடம்

1944ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கின. படகுகளிலிருந்து இறங்கும் வாகனங்கள் கடல் நீரில் ஓடிக் கரையேற வேண்டும். அதற்காக முன்கூட்டியே ஒவ்வொரு வாகனத்தின் மின்பகுதிகளும் பிசுபிசுப்பான காப்புப் பசை பூசி அடைக்கப்பட்டன. எஞ்சின் மூச்சுவிடவும் புகை வெளியேறவும் உயரமான குழாய்கள் பொருத்தப்பட்டன. கரையேறியபின் அந்த அடைப்புகளை விரைவில் அகற்றவும் வேண்டியிருந்தது. காற்றோட்டம் இல்லாமல் இயந்திரங்கள் நெடுநேரம் ஓட முடியாது.

போருக்குப்பின், 1950ஐ ஒட்டி வந்த அமெரிக்க எம்-38 ஜீப்பில் நீர் புகாத 24 வோல்ட் மின்னமைப்பு தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது. இத்தகைய அமைப்புகளில் ஒரு நுட்பம் உண்டு. மின்பெட்டியை முற்றிலும் அடைத்துவிட்டால் நீர் புகாது என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் பெட்டிக்குள் உள்ள காற்று 80° செ. வெப்பத்தில் இருக்கும்போது, வண்டி 30° செ. நீரில் இறங்குவதாகக் கொள்ளுங்கள். உள்காற்று குளிர்ந்து அதன் அழுத்தம் சுமார் 14 விழுக்காடு குறையும். இது ஏறத்தாழ 1.4 மீட்டர் நீர்மட்ட அழுத்தத்திற்குச் சமம்! மிகச் சிறிய இடுக்கு இருந்தாலும் பெட்டி நீரை உறிஞ்சிக் குடித்துவிடும். ஆகவே பெட்டிக்குள் மூச்சுக் குழாய் வைத்து, அதை உயரத்தில் உள்ள காற்று வழியோடு இணைத்தார்கள். இன்றைய கார்களின் மின்னணுப் பெட்டிகள் பலவற்றில் இதே வேலையை ஒரு மெல்லிய சவ்வு செய்கிறது. அது காற்றை விடும், நீர்த்துளியை விடாது.

நாற்பதாம் முயற்சி

1953இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் ஒரு சிறிய வேதிப்பொருள் நிறுவனம், ராக்கெட்டுகளைத் துருப்பிடிக்காமல் காக்கும் நீர்மத்தைத் தேடிக்கொண்டிருந்தது. நீரை விலக்கித் தள்ளும் கலவை நாற்பதாவது முயற்சியில் கைகூடியது. 'நீர் விலக்கல், 40' என்பதன் சுருக்கமே அதன் பெயராயிற்று. அதுதான் டபிள்யூ டி-40. அட்லாஸ் ஏவுகணையின் மேற்பரப்பைக் காக்கப் பயன்பட்ட அது, 1958இல் பீச்சும் குப்பிகளில் கடைக்கு வந்தது.

1961இல் கார்லா என்ற புயல் மெக்சிகோ வளைகுடாக் கரையைத் தாக்கியது. நனைந்து நாசமான வாகனங்களையும் இயந்திரங்களையும் மீட்பதற்காக, அந்நிறுவனத்தின் ஊழியர்கள் விடுமுறை நாளான சனிக்கிழமையும் வந்து வேலை செய்து, முதன்முறையாக ஒரு முழு லாரிச் சுமையை அனுப்பினார்கள்.

இது வேலை செய்யும் விதத்தில் மந்திரம் எதுவும் இல்லை. நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 0.072 நியூட்டன். இத்தகைய எண்ணெய்களுக்கு அது மிகவும் குறைவு. ஆகவே எண்ணெய் உலோகத்தின்மேல் எளிதில் பரவி, நீர்த்துளியின் அடியில் நுழைந்து அதைத் தூக்கிவிடுகிறது. ஆனால் அது நீரை விலக்குமே தவிர, நீர் விட்டுச்சென்ற உப்பையும் சேற்றையும் விலக்காது. இந்த வேறுபாடு பின்னால் மிக முக்கியமாகிறது.

ஃபியூஸ் இருக்கப் பயமேன்?

"ஃபியூஸ் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?" என்று நீங்கள் கேட்கலாம். ஃபியூஸின் வரலாறு காரைவிடப் பழையது. 1847இல் பிரெஞ்சு அறிஞர் பிரெகே, தந்தி நிலையங்களை இடி மின்னலிலிருந்து காக்க மெல்லிய கம்பித் துண்டுகளை இடையில் வைக்கச் சொன்னார். மின்னல் தாக்கினால் அந்தக் கம்பி உருகி, கருவி பிழைக்கும். 1890இல் எடிசன் ஃபியூஸ் ஒன்றிற்குக் காப்புரிமை பெற்றார்.

1950களின் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் இரண்டே இரண்டு கண்ணாடிக் குழாய் ஃபியூஸ்கள்தாம் இருந்தன. நம் நாட்டில் 2014 வரை உற்பத்தியான அம்பாசிடரும் மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பிரிட்டிஷ் காரின் வழிவந்ததே. அந்தத் தலைமுறைக் கார்களுக்கான ஸ்டார்ட்டர், டைனமோ போன்ற மின்கருவிகளை இந்தியாவிலேயே செய்ய, 1961இல் சென்னையில் லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனம் தொடங்கப்பட்டது. அன்று ஃபியூஸைக் கழற்றி, முனைகளை உப்புத்தாள் கொண்டு தேய்த்து மாட்டினால் பாதிப் பழுது தீரும்.

1976இல் லிட்டெல்ஃபியூஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தட்டையான 'பிளேடு' ஃபியூஸைக் கொண்டுவந்தது. சிவப்பு என்றால் 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 என்று நிறத்தாலேயே அளவை அறியலாம். சிறிய இடத்தில் பல ஃபியூஸ்களை நெருக்கி வைக்க இது வழிசெய்தது. இன்றைய காரில் பல பத்து ஃபியூஸ்களும் ரிலேக்களும் ஒரே பெட்டிக்குள் அடுக்கப்பட்டுள்ளன. முனைகளுக்கு இடையே உள்ள தூரம் சில மில்லி மீட்டர்களே.

இப்போது ஓர் உண்மையைக் கவனியுங்கள். ஃபியூஸ் பெரிய மின்னோட்டத்தை மட்டுமே அறியும். 15 ஆம்பியர் ஃபியூஸுக்குப் பின்னால் ஈர உப்பின் வழியே அரை ஆம்பியர் கசிந்தால், ஃபியூஸ் அதைச் சட்டை செய்யாது. ஆனால் 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் என்பது 6 வாட் வெப்பம். அரிசிமணி அளவுள்ள ஓரிடத்தில் 6 வாட் வெப்பம் இடைவிடாமல் எழுந்தால் அங்குள்ள பிளாஸ்டிக் கருகும். கருகிய தடம் கரியாகும். கசிவு மேலும் பெருகும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் பல்லாயிரம் வோல்ட் செய்த வேலையை, இங்கே வெறும் 12 வோல்ட் உப்பின் துணையோடு செய்துவிடுகிறது.

வெயிலில் வைத்தால் உலராதா?

உலரும், ஆனால் நாம் நினைக்கும் வேகத்தில் உலராது. பல இழைகள் கொண்ட செம்புக் கம்பியின் இழைகளுக்கிடையே உள்ள இடுக்குகள் நுண்புழைகளாகச் செயல்படுகின்றன. 0.1 மி.மீ. ஆரமுள்ள புழையில் நீர் சுமார் 15 செ.மீ. உயரம் தானாகவே ஏறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப்போலத்தான். ஆகவே வெள்ளம் எட்டாத உயரத்தில் உள்ள இணைப்பிலும் ஈரம் போய்ச் சேரலாம். ஏறிய நீர் எளிதில் இறங்குவதுமில்லை. குறுகிய இடுக்கிலிருந்து ஆவியாகி வெளியேறவும் நாளாகும்.

மழைக்காலக் காற்றும் ஒத்துழைக்காது. 30° செ. வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று அதிகமாகப் போனால் 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 90 விழுக்காடு என்றால், ஏற்கெனவே 27 கிராம் அதில் இருக்கிறது. இன்னும் 3 கிராமுக்கே இடமுண்டு. மின்விசிறியை மட்டும் வைத்து அந்தக் காற்றை ஊதினால் மெதுவாகத்தான் உலரும். அதே காற்றை 50° செ. வரை சூடாக்கினால் அது 83 கிராம் வரை தாங்கும். புதிதாக 50 கிராமுக்கு மேல் நீரை ஏற்கும். ஆகவே மிதமான வெப்பமும் காற்றோட்டமும் சேர்ந்திருக்க வேண்டும். கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் போகக் கூடாது. தீ ஊதுகுழலைக் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது. கம்பியின் பிளாஸ்டிக் உறை இளகிவிடும்.

இனி, எல்லாவற்றினும் முக்கியமானது உப்பு. ஒரு லிட்டர் கடல் நீர் உலர்ந்தால் சுமார் 35 கிராம் உப்பு மிஞ்சும். ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோற்றுப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசிந்துவிடும். மழைக்காலத்தில் உங்கள் வீட்டு உப்பு ஜாடியில் இதைத்தானே காண்கிறீர்கள்? கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடோ இதைவிட மிகக் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியும். ஆகவே பகலில் காய்ந்த ஃபியூஸ் பெட்டி இரவில் தானாகவே நனைந்துகொள்கிறது. "வெள்ளம் வந்து ஒரு மாதம் கழித்து, காரணமில்லாமல் ஹார்ன் அடிக்கிறது, விளக்கு எரிகிறது" என்று பலர் வியப்பதன் மர்மம் இதுவே. உலர்த்துவதற்கு முன் நல்ல நீரால் கழுவ வேண்டும் என்பதும் இதனால்தான். நனைந்த பொருளை மறுபடி நனைப்பதா என்று தயங்க வேண்டாம்.

மின்னணுக் காலம்: 2012 தந்த எச்சரிக்கை

1986இல் பாஷ் நிறுவனம், காரின் மின்னணுப் பெட்டிகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் 'கேன்' என்ற முறையை வெளியிட்டது. அதன்பின் எஞ்சின், பிரேக், கதவு, விளக்கு என எல்லாவற்றிலும் நுண்கணிப்பொறிகள் புகுந்தன. இவற்றின் அச்சுச் சுற்றுப் பலகைகளில் செம்புத் தடங்கள் மில்லி மீட்டரில் ஒரு பகுதி இடைவெளியிலேயே ஓடுகின்றன. ஈரமும் மின்னழுத்தமும் சேர்ந்தால் ஒரு தடத்தின் உலோகம் கரைந்து, மற்றதை நோக்கி மரக்கிளைபோல் வளர்ந்து இணைத்துவிடும்.

2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயல் அமெரிக்காவின் கிழக்குக் கரையைத் தாக்கியது. நியூவார்க் துறைமுகத்தில் நின்ற ஃபிஸ்கர் கார்மா கார்கள் கடல் நீரில் பல மணி நேரம் மூழ்கின. அவற்றுள் 16 கார்கள் எரிந்து சாம்பலாயின. மின்சாரத்திலும் ஓடும் கார்கள் என்பதால் பெரிய லித்தியம் பேட்டரிமேல்தான் பலருக்கும் ஐயம் எழுந்தது. ஆனால் நிறுவனம் நடத்திய ஆய்வு வேறு விடை தந்தது. சாதாரண 12 வோல்ட் பேட்டரியிலிருந்து மின்சாரம் பெறும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியில் உப்பு அரித்து, குறுக்குச் சுற்று உண்டாகி, ஒரு காரில் தீப்பிடித்தது. பலத்த காற்று அதை மற்றக் கார்களுக்குப் பரப்பியது. யாரும் சாவியைத் திருப்பவில்லை. யாரும் அருகில்கூட இல்லை. எந்நேரமும் உயிரோடிருக்கும் கம்பியும் உப்பு நீரும் மட்டுமே போதுமானவையாக இருந்தன.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2015 டிசம்பர் முதல் இரண்டு நாள்களில், தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு பெருகிச் சென்னையில் ஆயிரக்கணக்கான வாகனங்கள் மூழ்கின. வாடகைக் கார் ஓட்டுபவருக்கு அது வெறும் வாகனம் அன்று. அடுத்த மாத அரிசி. கார் ஓடுமா என்று பார்க்கும் அவசரம் அவருக்கு இயல்பானது. அந்த அவசரத்தில் திருப்பிய சாவிதான் பலருக்குப் பெருஞ்செலவை இழுத்துவிட்டது. சிலிண்டருக்குள் நீர் இருந்தால் அது அமுங்காது. பிஸ்டன் தண்டு வளையும். மின்னணுப் பெட்டிகளில் நீர் இருந்தால், சாவியைத் திருப்பிய அந்தக் கணத்தில் எல்லாச் சுற்றுகளுக்கும் மின்சாரம் பாயும்.

ஆகவே செய்ய வேண்டியது என்ன?

வெள்ளம் வரும் என்று தெரிந்தால், முடிந்தவரை காரை மேட்டில் நிறுத்துங்கள். பேட்டரியின் எதிர்மின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். முதலில் எதிர்மின் முனையைக் கழற்றுவதற்குக் காரணம் உண்டு. காரின் உடல் அதனோடு இணைந்திருப்பதால், ஸ்பேனர் தவறி உடலில் பட்டாலும் பொறி பறக்காது.

வெள்ளம் வடிந்தபின், சாவியைத் திருப்பாமல் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். நீர் எந்த மட்டம் வரை ஏறிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். படம் எடுத்துக்கொள்வது காப்பீட்டிற்கும் உதவும். ஃபியூஸ் பெட்டி மூழ்கியிருந்தால், ஃபியூஸ்களின் இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டு அவற்றைக் கழற்றி, இணைப்புகளைப் பிரித்து, உப்பும் சேறும் போக நல்ல நீரால் கழுவ வேண்டும். இறுதியாகக் காய்ச்சி வடித்த நீர் கொண்டு அலசி, மிதமான சூட்டுக் காற்றில் சில நாள்கள் உலர்த்த வேண்டும். ஆல்கஹால் வகைத் தூய்மி நீரை விரைவில் அகற்றும். ஆனால் அது தீப்பற்றும் பொருள் என்பதை மறவாதீர்கள். பச்சை பூத்த முனைகளையும் கருகிய தடங்களையும் உலர்த்திப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். ஃபியூஸ் மாற்றும்போது அதே ஆம்பியர் அளவையே போடுங்கள். காற்றுப்பைகளின் இணைப்புகளையும் மின்னணுப் பெட்டிகளையும் பயிற்சி பெற்றவரே தொட வேண்டும். மின்சாரக் காராக இருந்தால் ஆரஞ்சு நிறக் கம்பிகளின் அருகே செல்லாதீர்கள். கடல் நீரில் மூழ்கியிருந்தால், அந்தக் காரை வீட்டிலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் தள்ளி வெட்டவெளியில் நிறுத்தச் செய்யுங்கள்.

தாத்தாவின் காரில் நீர் ஒரு விருந்தாளி, வந்தது, போயிற்று. நம் காரில் அது உப்பை விட்டுச் செல்கிறது. அந்த உப்போடு சேர்ந்து வேலை செய்யப் பேட்டரி இரவு பகலாகக் காத்திருக்கிறது. நீரை நாம் தடுக்க முடியாத நாள்கள் உண்டு. பேட்டரியைக் கழற்றுவது மட்டும் எப்போதும் நம் கையில் இருக்கிறது. அதற்கு ஒரு ஸ்பேனரும் ஐந்து நிமிடமும் போதும்.